படத்தில் கடிக்க வந்த வாத்து

என்னைப் பேசச் சொன்னது உங்கள் தப்பு. "மாமா, புதுசா வந்த பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று தேவி கேட்டாள். நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்திருந்தால் இந்த வேலையில் நான் அந்தக் காலத்திலேயே நல்ல பெயர் எடுத்திருப்பேன். எனக்கு எழுத்து வராது. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப்பெயரை வாசிப்பேன், அதற்கு மேல் எழுத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் சொல்லச் சொல்ல தேவிதான் தட்டுகிறாள். ஆகையால் இதில் ஒழுங்கான தமிழாக வருவதெல்லாம் அவளுடையது, வளவளவென்று வருவதெல்லாம் என்னுடையது. அவளைப் பற்றி நல்லதாக ஏதும் சொன்னால் அழித்துவிடுவாள் என்ற பயமும் இருக்கிறது. பார்ப்போம்.

வெப்சைட்டில் ஒரு படம் போட்டால், அதில் என்ன இருக்கிறது என்று படத்துக்குப் பின்னால் ஒரு வரி எழுதி வைக்கிறோம். பார்வை இல்லாத ஒருவர் அந்தப் பக்கத்துக்கு வந்தால், அவருடைய கம்ப்யூட்டர் அந்த வரியை வாயால் வாசித்துச் சொல்லும். நீங்கள் அதை ஆல்ட் டெக்ஸ்ட் என்கிறீர்கள். எங்கள் கடையில் அதற்கு மறைவுப் பேச்சு என்று பெயர். கண் உள்ளவனுக்குத் தெரியாமல் கண் இல்லாதவனோடு பேசுகிற பேச்சு. அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது எவ்வளவு பெரிய நினைப்பு என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த வேலையை நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் பழகவில்லை, லொறிக்குப் பின்னால் பழகினேன்.

தொண்ணூறுகளில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறிக்குக் கிளீனராக இருந்தேன். மலை ரோட்டில் லொறியைத் திருப்ப இடம் இருக்காது. கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் பின்பக்கமாகவே போக வேண்டும். ஒரு பக்கம் மண்மேடு, ஒரு பக்கம் பள்ளம். டிரைவருக்குக் கண்ணாடியில் தெரிவது கொழுந்துச் சாக்கு மட்டும். நான் பின்னால் நின்று குரல் கொடுப்பேன். குரல் எட்டாத இடத்தில் லொறியின் தகரத்தில் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் நில், ரெண்டு தட்டு என்றால் வரலாம். பஸ் கண்டக்டர் தட்டுகிற அதே கணக்குத்தான்.

அந்த டிரைவர் அண்ணனின் பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. பீடியைப் பற்றவைத்தால் புகைக்க மாட்டார், விரலிலேயே எரிந்து முடியும். ஏன் என்று கேட்டால், "வாசனைக்குடா" என்பார். பீடியில் என்ன வாசனையோ. சரி, அது கிடக்கட்டும்.

ஒரு நாள் காலை, மழை விட்ட நேரம். பின்னால் நின்று "வரலாம் வரலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்மலையை மூடியிருந்த மிஸ்ட் விலகியது. நேற்று வரைக்கும் இல்லாத ஓர் அருவி வெள்ளையாகத் தொங்கியது. வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, எதுத்த மலையில தண்ணி எப்புடி விழுது பாருங்க!" என்றேன். அதைச் சொல்லி முடிக்கவும் பின்சக்கரம் ரோட்டோரக் கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், இறங்கவும் சரியாக இருந்தது. சாக்கெல்லாம் சரிந்து ரோடு முழுக்கக் கொழுந்து.

அண்ணன் இறங்கி வந்தார். திட்டவில்லை. பீடியைப் பற்றவைத்தார்.

"தண்ணி விழுறது இருக்கட்டும். நாம விழுறத எவன்டா சொல்லுவான்?"

நான் குனிந்து கொழுந்தை அள்ளத் தொடங்கினேன்.

"எனக்குப் பின்னாடி கண்ணு கெடையாது. அந்தக் கண்ணா ஒன்னைய நிக்க வச்சிருக்கேன். எனக்கு என்னா வேணுமோ அதச் சொல்லு. ஒனக்கு என்னா புடிச்சிருக்குன்னு வீட்டுல போயி சொல்லிக்க."

இந்த வேலைக்கான பாடம் முழுவதும் அதில் இருக்கிறது. நீங்கள் இப்போதே எழுந்து போகலாம். போகாவிட்டால் வாத்துக் கதையையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முழங்கால் போன பிறகு லொறியை விட்டு ஹட்டனுக்கு வந்தேன். புடவைக் கடைக்கு மேல்மாடியில் நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். ஜவுளி வியாபாரத்தில் வந்த நானாவுக்கு எதையும் முழம் போட்டுப் பார்க்கிற பழக்கம். வெப்சைட் கேட்டு வருகிறவர்களிடம், "எவ்வளவு நீளத்துக்கு வேணும்?" என்று கேட்பார். நான் கடை திறக்க, கூட்ட, பால் இல்லாத பிளேன்ரீ போட. வேலை தெரிந்தவள் தேவி ஒருத்திதான். றொசல்லையில் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ரயிலில் வருவாள். ரயில் பிந்தினால் அன்றைக்குக் கடையும் பிந்தும்.

பின்னேரங்களில் மாஸ்டர் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயதில் இங்கிலீஷ் படிப்பிக்க ஹட்டனுக்கு வந்து, பென்ஷன் எடுத்த பிறகு கண் போய், ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்துவிட்டவர். அவருடைய பழைய மாணவன் ஒருவன் எங்கள் கடைக் கம்ப்யூட்டர் ஒன்றில் பேசுகிற புரோகிராமைப் போட்டுக் கொடுத்திருந்தான். காதில் மாட்டிக்கொண்டு அதோடு சண்டை போடுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. தேவி செய்கிற பக்கங்களை அவர் கேட்டுப் பார்த்துக் குற்றம் சொல்வார். அவருக்குச் சம்பளம் என்னுடைய பிளேன்ரீ.

முதலில் தேவி எழுதின வரிகள் எப்படி இருந்தன தெரியுமா? அழகான பங்களா. அழகான தோட்டம். அழகான காட்சி. (இதைத் தட்டும்போது அவள் என்னை முறைக்கிறாள்.)

மாஸ்டர் காதில் இருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிள்ளை, இந்தக் கண்டறியாத அழகை எத்தினை தரம் எனக்குச் சொல்லுவீர்? அழகோ இல்லையோ எண்டு நான் முடிவெடுக்கிறன். வாசல் எந்தப் பக்கம் எண்டு சொல்லும்!"

தேவிக்குக் கண் கலங்கிவிட்டது. நானா என்னைக் காட்டினார். "இந்த மனுசன் காலையில தொறந்த வாய மூடுறதில்ல. படத்த இவருக்குக் காட்டுங்க மகள். இவர் தமிழ்ல சொல்லட்டும், நீங்க இங்கிலீஷ்ல போடுங்க."

அப்படித்தான் நான் உள்ளே வந்தேன். நான் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் வாரத்திலேயே மாஸ்டருக்குப் புல் தீத்தினேன், அதாவது ஊட்டினேன். ஒரு தேயிலைக் கம்பனியின் வெப்சைட் பக்கத்தில் பந்திக்குப் பந்தி நடுவில் அலங்காரத்துக்குச் சின்ன இலை ஒன்று போட்டிருந்தார்கள். படம் என்றால் சொல்லத்தானே வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் "பச்சைத் தேயிலை" என்றேன். தேவியும் போட்டாள். மாஸ்டர் கேட்க உட்கார்ந்தார். ஒரு வரி, பச்சைத் தேயிலை. இன்னொரு வரி, பச்சைத் தேயிலை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"என்னை என்ன ஆடெண்டு நினைச்சீரோ? எந்த நேரமும் இலை போடுறீர்!"

"படத்துல இருக்கே மாஸ்டர்."

"சுவரில வெள்ளையும்தான் அடிச்சிருக்கு. வீட்டுக்கு வாற ஆளுக்குச் சுவர் வெள்ளை, சுவர் வெள்ளை எண்டு நிமிசத்துக்கொருக்கால் சொல்லுவீரோ? ஒண்டுக்கும் உதவாத படமெண்டால் வெறுமையாய் விடும். எனக்குச் சத்தமில்லாமல் இருக்கிறதும் ஒரு வசதிதான்."

என்னைப் போன்ற ஒருவனிடம் சும்மா இரு என்று சொல்வது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரிந்தே சொன்னார் என்று நினைக்கிறேன்.

இனி வாத்து.

மஸ்கெலியாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், அதை நடத்துகிற துரை தன்னுடைய பழைய பங்களாவை உல்லாசப் பயணிகளுக்கு விட நினைத்தார். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவர் துரை. கொழும்பில் பயண ஏஜென்சி நடத்துகிற ஒரு மிஸ் அவருக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அந்த மிஸ்ஸிடம் வருகிற வெளிநாட்டுக்காரரில் பார்வை இல்லாதவர்களும் இருந்தார்கள். ஆகவே ஒரு நிபந்தனை. பங்களாவின் வெப்சைட்டைப் பார்வையில்லாத ஒருவர் முதல் நாள் கேட்க வேண்டும். அடுத்த நாள் யாரும் கைபிடிக்காமல், வாய் திறக்காமல், வேனிலிருந்து இறங்கி வராந்தா நாற்காலி வரைக்கும் தானாக நடக்க வேண்டும். நடந்தால் இந்தப் பங்களா மட்டுமல்ல, மிஸ்ஸின் கையிலிருக்கிற மற்றப் பங்களா வேலைகளும் எங்கள் கடைக்கு.

நடக்காவிட்டால்? நானா அதையும் சொல்லிவிட்டார். "இதுவும் போனா கம்ப்யூட்டர வித்துட்டு மேல்மாடியில கையடக்க போன் கடை போடுறேன். எனக்கு வேற வழி இல்ல மகள்." போன் கடைக்குத் தேவி தேவையில்லை. அவளுடைய அக்கா கொழும்பில் துணி தைக்கிற கார்மெண்ட் பேக்டரியில் இருந்தாள். "பாப்போம்னு இருக்காத, இப்பவே வந்து சேரு" என்று அக்கா ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தாள். தேவிக்குப் போக விருப்பமில்லை. வெளியில் சொல்ல மாட்டாள். ஆனால் அந்த வாரம் ரயில் பிந்தியும் அவள் பிந்தவில்லை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தாள்.

படம் எடுக்க நானும் அவளும் போனோம். கேட், கல்படி, புல்தரை, வராந்தா என்று வழியில் வருகிற வரிசையிலேயே எடுத்தோம். கல்படியில் ஒன்றின் வலது மூலை உடைந்திருந்தது, அதையும் எடுத்தோம். புல்தரைக்கு இடது பக்கம் ஒரு பீலி. மலையிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர் தொட்டியில் விழுந்து சோவென்று இரைகிற இடம். தேவி கேமராவைக் கண்ணில் வைத்தாள். தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய வெள்ளை வாத்து கழுத்தைத் தரையோடு நீட்டி, வாயைத் திறந்து, இறக்கையை விரித்துக்கொண்டு வந்தது.

"மாமா! மாமா!" என்று கத்தினாள். கத்தினாலும் பொத்தானை அமுக்கிவிட்டாள். அப்புறம் ரெண்டு பேரும் ஓடினோம். என் முழங்கால் சுகமான ஒரே நாள் அதுதான்.

குசினிக்குள்ளிருந்து அப்பு, அதாவது பங்களாவின் சமையல்காரர், கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பயப்புடாதீங்க. கண்டாக்கையா வேலை பாக்குறாரு."

தோட்டத்தில் கண்டாக்கையா என்றால் மலையில் வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர். நடந்து வந்து ஆளின் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார் என்று பெயர். வாத்துக்கு அந்தப் பெயர் வைத்தவர்கள் யார் என்று உண்மையான கண்டாக்கையாவுக்கு மட்டும் தெரியாது.

கடைக்கு வந்து வரிகள் சொன்னேன். புல்தரைப் படத்துக்கு நான் சொன்னது இது: "புல்தரை. நடுவில் வராந்தாவுக்குப் போகும் கல்பாதை. இடது பக்கம் தண்ணீர்த் தொட்டி. தொட்டிப் பக்கமிருந்து ஒரு வெள்ளை வாத்து கடிக்க வருகிறது." படத்தில் இருந்தது அதுதான். அருவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிரைவர் அண்ணன் கேட்டிருந்தால் பீடியைப் புகைத்தே இருப்பார்.

மறைவுப் பேச்சைத் துரை எங்கே பார்க்கப் போகிறார் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அங்கேதான் விழுந்தோம். அந்தக் காலத்தில் இன்டர்நெட்டும் சேர்ந்து வந்த தோட்டத்துப் போன் லைன் உங்களுக்குத் தெரியாது. மழை பெய்தால் பேச்சே பாதிதான் வரும், படம் எங்கே வரும்? துரை பங்களாவில் உட்கார்ந்து எங்கள் பக்கத்தைத் திறந்திருக்கிறார். ஒரு படமும் வரவில்லை. படம் வர வேண்டிய ஒவ்வொரு கட்டத்திலும் நாங்கள் பின்னால் எழுதி வைத்த வரி முன்னால் வந்து நின்றது. லைன் இழுத்தால் எல்லாரும் பார்வையில்லாதவர்தான். இதை மட்டும் கொட்டை எழுத்தில் போடு என்று தேவியிடம் சொன்னேன், போட மாட்டேன் என்கிறாள்.

போன் வந்தது. நான்தான் எடுத்தேன். துரை சிங்களவர், தோட்டத்துத் தமிழை நன்றாகப் பேசுவார், கோபத்தில் இன்னும் நன்றாகப் பேசுவார்.

"ஏய், யார் எழுதினது இது? வாத்து கடிக்க வருது? கெஸ்ட் ஆள் வருமா இனி?"

"படத்துல வருதுங்க தொரை."

"படத்துல சின்னது! எழுத்துல பெருசு! ஒடனே அழி!"

நானாவும் அழிக்கச் சொன்னார். "சாமான் அவருடையது, வாத்தும் அவருடையது. நமக்கு என்ன?" என்றார். நான் விடவில்லை. "மாஸ்டர் நடக்கப் போறாரு நானா, ஒங்க வாத்தோ என் வாத்தோ கடிச்சா ஒரே கடிதான்" என்றேன். நானா மறுபடியும் போன் போட்டுக் கேட்டார். அன்றைக்கு வாத்தைக் கூட்டுக்குள் போட்டுப் பூட்டுவதாகத் துரை வாக்குக் கொடுத்தார்.

தேவி அந்த வரியைத் திரையில் கொண்டுவந்து வைத்தாள்.

"பூட்டி வச்சா வாத்து இல்ல தானே மாமா?"

"படத்துல இருக்கே பிள்ள."

"படத்துல இருக்கறதப் பாத்தா நான் கார்மெண்டுக்குத்தான் போகணும்."

அழித்தாள். சாப்பாட்டுப் பார்சலை அவள் அன்றைக்குப் பிரிக்கவும் இல்லை.

நடக்கிற நாள் வந்தது. மாஸ்டர் முதல் நாள் பின்னேரம் பக்கம் முழுவதையும் கேட்டு முடித்திருந்தார். வேனில் மிஸ் முன்னால், மாஸ்டரும் நானாவும் நடுவில், நானும் தேவியும் பின்னால். மாஸ்டர் ஏறும்போதே சட்டம் போட்டார். "ஒருதரும் வாய் திறக்கக்கூடாது. குறிப்பாய் உவர்." உவர் என்று தடியை நீட்டியது நேராக என் நெஞ்சுக்கு. கண் தெரியாத மனுசனுக்கு நான் இருக்கிற இடம் எப்படித் தெரிந்தது என்று நானா கேட்டார். "இவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியாமல் மூச்சு வாங்கிற சத்தம் கேக்குது" என்றார் மாஸ்டர்.

கேட்டுக்கு உள்ளே வேன் நின்றது. துரை வராந்தாவில் நின்றார். காக்கி அரைக் காற்சட்டை, முழங்கால் வரைக்கும் வெள்ளை நீளக் காலுறை, கையை விரித்துக்கொண்டு வரவேற்பு. மாஸ்டர் இறங்கினார். தடியால் தட்டினார். கல்படிக்கு வந்தார். மூலை உடைந்த படியில் காலை இடது பக்கமாக வைத்தார். மிஸ் தலையை ஆட்டினார். தேவி என் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள். புல்தரைக்கு இறங்கி, கல்பாதையைத் தடியால் கண்டுபிடித்து, கோவில் தேருக்கு முன்னால் நடக்கிறவர் மாதிரி நடந்தார்.

அப்போது பார்த்தேன். பீலித் தொட்டிக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ அசைந்தது.

பின்னால் தெரிந்த விஷயம் இது: அப்பு சோறு வைக்கக் கூட்டைத் திறந்திருக்கிறார். கண்டாக்கையா அப்புவையும் சோற்றையும் தாண்டி வந்துவிட்டார்.

கழுத்து தரையோடு நீண்டது. வாய் திறந்தது. அது சீறினால் கேட்கும்தான், ஆனால் பீலித் தண்ணீர் இரைகிற இரைச்சலில் மாஸ்டருக்கு எதுவும் கேட்காது. நான் வாயைத் திறந்தால் நிபந்தனை போச்சு, தேவி கொழும்புக்கு. திறக்காவிட்டால் அந்த மெல்லிய காலில் வாத்து தொங்கும். அவர் கல்லில் விழுந்தால் எழும்புவாரா? தேவியைப் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள். என் சட்டைக் கையை விட்டாள். "சொல்லுங்க மாமா" என்றாள். வாயால் அல்ல. தலையால்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளங்கையால் வேனின் தகரத்தில் தட்டினேன். ஒரே தட்டு.

மாஸ்டர் நின்றார். தூக்கின கால் தூக்கினபடியே நின்றது. இத்தனை வருசம் ஹட்டன் பஸ்ஸில் போன கால் அல்லவா! அசையாத ஆளில் கண்டாக்கையாவுக்கு ருசி இல்லை. மாஸ்டருடைய தடிக்கு முன்னால் பாதையைக் குறுக்கே கடந்து, அசைகிற காலைத் தேடியது. அந்த நேரம் பார்த்து, "கம், கம், பயம் வேணாம்!" என்று துரை படியில் இறங்கி வந்தார். வெள்ளைக் காலுறை. பிறகு நடந்தது மூன்று பாஷையில் நடந்தது. காலுறை ரப்பர் மாதிரி இழுபட்டது. அப்பு கரண்டியோடு ஓடி வந்து, "கண்டாக்கையா, வேணாங்க, தொரைங்க!" என்று வாத்திடம் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார்.

வாத்து அந்தப் பக்கம் வேலையாக இருக்கும்போது நான் ரெண்டு தட்டுத் தட்டினேன். மாஸ்டர் கால் வைத்தார், நடந்தார், வராந்தாவில் ஏறினார், நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

"துரை இங்க இல்லையோ?" என்றார்.

நானாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "மிஸ், நடந்துட்டார்! யாரும் வாய் தொறக்கல்ல!"

"வாய் திறக்கேல்லைத்தான்" என்றார் மாஸ்டர். "ஆனால் தட்டினது ஆர்? பக்கத்தில சொல்லாத ஏதோ ஒண்டு அங்க நிண்டது. அந்தத் தட்டு இல்லாட்டி நான் விழுந்திருப்பன். இதைப் பாஸ் எண்டு நான் சொல்ல மாட்டன்."

மனுசன் காப்பாற்றினவனையே மாட்டிவிட்டார்! எனக்கு வந்த கோபத்துக்கு மூன்றாவது தட்டை எங்கே தட்டியிருப்பேன் என்று தெரியாது. மிஸ் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"படத்துல வாத்து இருந்திச்சே. ஏன் எழுதலை?"

நானா துரையைப் பார்த்தார். துரை காலுறையைப் பார்த்தார். இந்த இடத்தில் ஏதாவது புளுகலாம் என்று நான் வாயைத் திறந்தேன். தேவி முந்திவிட்டாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"எழுதியிருந்தோம் மிஸ். கடிக்க வருதுன்னே எழுதியிருந்தோம். கெஸ்ட் வராதுன்னு தொரை அழிக்கச் சொன்னாரு. நான்தான் அழிச்சேன். படத்தப் பாக்குறவங்க வாத்தப் பாக்கலாம், படத்தக் கேக்குறவங்க மட்டும் கடி வாங்கணுமா மிஸ்?"

மிஸ் குனிந்து துரையின் காலைப் பார்த்தார். சிரிப்பை அடக்கினதில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. "அந்த வரிய அப்படியே திருப்பிப் போடுங்க. அடுத்த வாரம் மாஸ்டர் இன்னொருக்கா நடக்கட்டும். வாத்தப் பூட்டாம. வருவீங்களா மாஸ்டர்?"

"ஏன் வராமல்? என்ன நிக்குது எண்டு தெரிஞ்சால் போதும், நான் ஏற்பாட்டோட வருவன்."

வந்தார். சட்டைப் பையில் பாண் துண்டோடு, அதாவது ரொட்டித் துண்டோடு, வந்தார். பாதையில் நின்று, தொட்டிப் பக்கம் திரும்பி, பாணைப் பிய்த்து வீசினார். கண்டாக்கையா பாணைக் கவனிக்க, மாஸ்டர் பாதையைக் கவனித்து நடந்து போய் உட்கார்ந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு வேனுக்குத் தூரமாக நின்றேன். மிஸ் அப்படி நிற்கச் சொல்லியிருந்தார்.

பங்களா வேலைகள் கடைக்கு வந்தன. மேல்மாடியில் போன் கடை வரவில்லை. அக்காவுக்குத் தேவி என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. இப்போதும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் நாலு வார்த்தையில் நின்றிருப்பேன். கடிக்கிற வாத்து என்று வாசித்துவிட்டு ஆட்கள் வர மாட்டார்கள் என்றுதானே துரை பயந்தார்? அதை வாசித்துவிட்டுத்தான் வந்தார்கள். வருகிற ஒவ்வொருவர் பையிலும் பாண். கண்டாக்கையாவுக்குக் காலையில் பாண், மத்தியானம் பிஸ்கட், பின்னேரம் கேக். வருசம் ஒன்று போவதற்குள் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டார். ஓட முடியாது. ஆள் வந்தால் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார், பாண் இல்லாவிட்டால் மூடிக்கொள்வார்.

புதிய படம் எடுக்க தேவி போனாள். வராந்தா நாற்காலிக்குக் கீழே வாத்து தூங்குகிற படம்தான் கிடைத்தது. பழைய படத்தை எடுத்துவிட்டு அதைப் போட்டாள். வரியையும் என்னைக் கேட்காமலே மாற்றினாள். "நாற்காலிக்குக் கீழே ஒரு வெள்ளை வாத்து தூங்குகிறது. உட்காரும்போது மிதிக்காதீர்கள்."

அடுத்த நாளே போன். நான் எடுத்து அவளிடம் கொடுத்தேன். துரையின் குரல் எனக்கு நின்ற இடத்திலேயே கேட்டது.

"ஏய் பிள்ள, அது என்ன தூங்குது? கெஸ்ட் எல்லாம் கடிக்கிற வாத்து கேக்குது! பழைய வரிய போடு!"

தேவி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தட்டுவதை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"படத்துல என்ன இருக்கோ அதத்தான் நாங்க போடுவோம் சார். கடிக்கிற வாத்து வேணும்னா வேற ஒன்னு வாங்குங்க. வந்து படம் எடுத்துக்கிறோம்."